வலது கன்னத்தில் மட்டும் ஏன் இத்தனை சுருக்கம்?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 54. பெருங்களத்தூரில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு 22 வருஷமாக ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறேன். காலை ஏழரைக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் கொண்டு விட்டுவிடுவேன். அங்கேயே இருந்து, சாயங்காலம் நாலரைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். வேனில் ஏசி கிடையாது. போன மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஆல்பத்தைப் பார்த்தால் என் முகத்தில் வலது பக்கம் மட்டும் கிழவனைப்போலச் சுருங்கிக் கிடக்கிறது. இடது பக்கம் பரவாயில்லை. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, இது வாதமா? கம்பெனியில் ஒருவர் கொலாஜன் பவுடர் விற்கிறார், மூன்று மாதம் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார். என் மனைவிக்கு 49 வயது. மெடிக்கலில் வாங்கிய ஒரு கிரீமை மூன்று வருஷமாகப் போடுகிறாள். முதலில் பளிச்சென்று இருந்தது. இப்போது முகம் சிவந்து, தோல் மெலிந்து தெரிகிறது. வெயிலில் போனால் எரிகிறதாம். சுருக்கத்துக்கு அவளும் வழி கேட்கச் சொன்னாள். தை மாதம் கல்யாணம். அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முதலில் அந்த வாத பயத்தைப் போக்கிவிடுவோம். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கண்களையும் இறுக மூடுங்கள். பல் தெரியச் சிரியுங்கள். புருவத்தை உயர்த்துங்கள். கன்னத்தை உப்பி ஊதுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வேலை செய்தால் நரம்பில் கோளாறு இல்லை. வாதம் வந்தால் முகம் சட்டென்று கோணும், கண் மூடாது, வாயோரம் தண்ணீர் ஒழுகும். அப்படி என்றைக்காவது ஆனால், யாருக்கும் கடிதம் எழுதிக்கொண்டு இருக்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்களுக்கு நடந்திருப்பது அதுவல்ல. வருஷக்கணக்கில் மெதுவாக நடந்த ஒன்றை ஆல்பம் ஒரே நாளில் காட்டிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முகத்தைவிட உங்கள் ரூட்தான் கண்ணில் பட்டது. பெருங்களத்தூரில் பைபாஸ் பிடித்து மதுரவாயல் வழியாக அம்பத்தூர் போகிறீர்கள், அதாவது ஏறத்தாழ நேர் வடக்கே. காலை நேரம், சூரியன் கிழக்கே, உங்கள் வலது கைப் பக்கம். சாயங்காலம் அதே பாதையில் தெற்கே திரும்புகிறீர்கள். இப்போது சூரியன் மேற்கே போய்விட்டது. தெற்கு பார்த்து உட்கார்ந்தால் மேற்கு எந்தப் பக்கம்? மறுபடியும் வலது பக்கம்! நம் ஊரில் ஸ்டியரிங்கும் வலது பக்கம், ஜன்னலும் வலது பக்கம், ஏசி இல்லாததால் கண்ணாடியும் இறக்கித்தான் இருக்கும். வருஷத்துக்கு 300 நாள், நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் 22 வருஷத்தில் கிட்டத்தட்ட 20,000 மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரம் உங்கள் வலது கன்னம் வெயிலில் காய்ந்திருக்கிறது. இடது கன்னம் நிழலில் உட்கார்ந்து வந்திருக்கிறது.

இது உங்கள் ஒருவருக்கு வந்த அதிசயம் இல்லை. அமெரிக்காவில் 28 வருஷம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தை 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. உலகத்தில் உள்ள தோல் டாக்டர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் படம் அது. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் அவருக்கு இடது பாதி முழுக்க வரிவரியாகச் சுருங்கித் தொங்கியிருந்தது. வலது பாதியைப் பார்த்தால் பத்து, இருபது வயது குறைத்துச் சொல்லலாம்.

படமெல்லாம் வேண்டாம் என்றால் உங்கள் கையையே பாருங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு வலது கையை மடக்கி, அக்குளை ஒட்டிய உள்பக்கத் தோலைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று, சின்ன வயசுத் தோல் மாதிரி இருக்கும். இப்போது ஜன்னலில் முட்டி வைத்து ஓட்டுவீர்களே, அந்த முழங்கையின் வெளிப்பக்கத்தைத் தடவுங்கள். கருத்து, சொரசொரத்து, கிள்ளினால் மடிப்பு மடிப்பாக நிற்கும். இரண்டுமே 54 வயதுத் தோல்தான். ஒரே அப்பா அம்மா கொடுத்தது, ஒரே சாப்பாடு சாப்பிட்டது. உங்கள் வீட்டம்மா ரவிக்கைக் கை முடியும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் பார்த்துக்கொள்ளட்டும். கிளினிக்கில் எத்தனை பேரிடம் என்ன விளக்கம் சொன்னாலும் ஏறாது, இந்தக் கோட்டைக் காட்டினால் பேச்சு நின்றுவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், தோலின் அடி அடுக்கை ஒரு கயிற்றுக் கட்டிலாக நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கும் நெடுக்கும் ஓடி இறுக்கிப் பிடிக்கும் கயிறுதான் கொலாஜன். உட்கார்ந்து எழுந்ததும் பழையபடி மேலே வர வைக்கும் மீள்தன்மை எலாஸ்டின் என்ற நாருடையது. இருபது வயதைத் தாண்டியதிலிருந்தே கயிறு வருஷத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் குறைந்துகொண்டு வரும். அது வயசின் கணக்கு, யாரும் தப்ப முடியாது. வெயில் செய்வது வேறு வேலை. புறஊதாக் கதிர் பட்டதும் கயிற்றை அறுக்கிற நொதிகளைத் தோலே அதிகமாகச் சுரக்கிறது. புதுக் கயிறு திரிக்கும் செல்களும் சோர்ந்துவிடுகின்றன. எலாஸ்டின் நார்கள் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி திரண்டு போகின்றன. கட்டில் தொய்கிறது. மேலே விரித்த பாய் சுருங்காமல் என்ன செய்யும்?

‘காலையிலும் சாயங்காலமும் இளவெயில்தானே டாக்டர்’ என்பீர்கள். எல்லோரும் சொல்வதுதான். புறஊதாவில் நம் தோலுக்கு வந்து சேர்வது இரண்டு வகை. யூவிபி என்பது மேல்தோலைச் சுடுவது, உச்சி வெயிலில் அதிகம், சாதாரணக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுத்துவிடும். யூவிஏ அப்படி இல்லை. சுடாது, எரியாது, அதனால் இருப்பதே தெரியாது. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இருக்கும், மேக மூட்டத்திலும் வரும், கட்டிலின் கயிறு வரைக்கும் ஆழமாக இறங்கும். வண்டியின் முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அது யூவிஏவைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி. ஏற்றி வைத்திருந்தாலும் கணிசமாக உள்ளே விடும். கருப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று அடுத்த கேள்வி வரும். அதை 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்தது, டிராஃபிக் போலீஸிடம் மாட்ட வைக்க எனக்கு விருப்பமில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நம் கருப்புத் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி இயற்கையே போட்டுவிட்ட குடை. அதனால்தான் வெள்ளைக்காரர்களுக்கு முப்பதுகளில் தெரிகிற கோடுகள் நமக்குப் பல வருஷம் தள்ளி வருகின்றன. நமக்கு முதலில் வருவது மங்கும் கரும்புள்ளியும்தான். அந்தக் குடையையும் மீறி உங்களுக்கு இவ்வளவு சுருக்கம் என்றால், பட்ட வெயில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். சிகரெட், பீடி உண்டா? உண்டென்றால் அதுவும் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கயிற்றை அறுக்கிறது. சர்க்கரை இருந்தால், ரத்தத்தில் ஏறிய சர்க்கரை கொலாஜனோடு ஒட்டிக்கொண்டு அதை விறைக்க வைக்கும். 54 வயதில் சர்க்கரை பார்க்காமல் இருந்தால் முகத்துக்காக இல்லாவிட்டாலும் பார்த்துவிடுங்கள்.

இப்போது அவசரமான விஷயம். அது உங்கள் கன்னம் இல்லை, உங்கள் வீட்டம்மாவின் கிரீம்.

முதலில் பளிச், பிறகு சிவப்பு, மெலிவு, வெயிலில் எரிச்சல். இந்த வரிசையில் ஒருவர் சொன்னால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ஸ்டீராய்டுதான். ட்யூபில் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இவை கெட்ட மருந்துகள் இல்லை. சொறி, கரப்பானுக்கு நானே எழுதித் தருகிறேன், சில வாரங்களுக்கு. சில கிரீம்களில் மங்குக்காக இவற்றோடு வேறு இரண்டு மருந்தும் கலந்து வரும். அதைத்தான் ‘வெள்ளையாக்கும் கிரீம்’ என்று வருஷக்கணக்கில் பூசுகிறார்கள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஸ்டீராய்டு கிரீம்களுக்கு 2018-இல் அரசு கெடுபிடி செய்தது. கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும், ‘அந்த மஞ்சள் டப்பா கிரீம் கொடு’ என்றால் கொடுத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் ஸ்டீராய்டே கட்டில் கயிற்றைத் தேய்த்துவிடும். தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகும், உள்ளே சிவப்பாக ரத்தக் குழாய் தெரியும், கன்னத்தில் பூனைமுடி வளரும், பரு கிளம்பும். சுருக்கம் போக வேண்டும் என்று சுருக்கத்தையே விலை கொடுத்து வாங்குவது அது.

அதற்காக இன்றைக்கே ட்யூபைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். பழகிய முகத்துக்குச் சட்டென்று நிறுத்தினால் சிவந்து, வீங்கி, தீப்பட்ட மாதிரி எரியும். பயந்துபோய் மறுபடியும் அதையே எடுத்துப் பூசுவார்கள், அப்படித்தான் மூன்று வருஷம் ஓடியிருக்கும். ஒரு தோல் மருத்துவர் பார்த்துப் படிப்படியாக நிறுத்த வேண்டியது. பிரைவேட்டுக்குச் செலவாகும் என்று யோசித்தால், சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. நடுவில் எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு முகத்தில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கருந்திட்டு விழும், மறைய மாதக்கணக்கு ஆகும்.

49 வயது என்பதால் இன்னொன்று. மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும். அதன்பின் முதல் ஐந்து வருஷத்துக்குள் தோலின் கொலாஜனில் சுமார் 30 சதவீதம் போய்விடுகிறது. ‘திடீரென்று கிழவியாகிவிட்டேன்’ என்று இந்த வயதில் பெண்கள் சொல்வதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அது மனப்பிரமை இல்லை, உள்ளது. உங்கள் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு வேறு தோலைக் காய வைக்கும். வறட்சியால் வரும் மெல்லிய கோடுகள் நிஜச் சுருக்கம் அல்ல. குளித்ததும் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்னே மாய்ஸ்சரைசர் தடவினால் ஒரு வாரத்திலேயே குறைந்து தெரியும். கை கால்களுக்குத் தேங்காய் எண்ணெயே போதும். பீர்க்கங்காய் நார் போட்டு முகத்தைத் தேய்ப்பது மட்டும் கூடாது.

சரி, உங்களுக்கு வருவோம். சன்ஸ்கிரீன் பெண்கள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை வைத்து நாலரை வருஷம் பார்த்தார்கள். தினமும் பூசச் சொல்லப்பட்டவர்களுக்கு, தோன்றியபோது பூசியவர்களைவிடத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு என்று 2013-இல் முடிவு வந்தது. ‘தினமும்’ என்ற சொல்தான் அங்கே மருந்து. நம் ஆட்கள் கத்திரி வெயிலில் மட்டும் சன்ஸ்கிரீன் வாங்குகிறார்கள். சென்னை பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரியில் இருக்கிறது. மார்கழியில் பனி பெய்யும், மத்தியானம் புறஊதா பெய்துகொண்டுதான் இருக்கும்.

ட்யூபில் எஸ்பிஎஃப் என்று போட்டிருக்கும் எண் 30 என்றால் போதும், அதுவே யூவிபியில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்களுக்கு முக்கியம் யூவிஏ, அதனால் அட்டையில் பிஏ என்று போட்டுப் பக்கத்தில் மூன்று பிளஸ், நான்கு பிளஸ் குறி இருப்பதை வாங்குங்கள். நம் வியர்வைக்கு ஜெல் வகை தோதுப்படும். அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்டால் வருமே, அவ்வளவும் முகத்துக்கும் கழுத்துக்கும். அப்படிப் பூசினால் 50 கிராம் ட்யூப் ஒரு வேளைக்கே நாற்பது நாள் வரைதான் வரும். ‘ஒரு ட்யூப் ஒரு வருஷம் வருது டாக்டர்’ என்று பெருமையாகச் சொன்ன ஒரு பேங்க் மேனேஜர் எனக்குப் பேஷண்ட். வாசனைக்குப் பூசினார் போலிருக்கிறது. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு முகம் கழுவிவிட்டு மறுபடி ஒரு தடவை. இடது பக்கத்தையும் சேர்த்துத்தான்.

செலவில்லாத வழியும் இருக்கிறது. உங்கள் தோளில் கிடக்கும் துண்டுதான். தலையில் கட்டி, முனையை வலது காதோரமாகக் கன்னத்தை மறைத்துச் செருகிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வண்டியைக் காட்டும் வலது பக்கக் கண்ணாடி மறைகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள், முப்பது உயிர் பின்னால் இருக்கிறது. கைக்கு, பைக் ஓட்டும் பையன்கள் மாட்டிக்கொள்ளும் கையுறை மாதிரியான நீளக் கை வாங்கிக்கொள்ளலாம். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி ஓட்டுவதால் விழும் ஓரக் கோடுகளுக்குக் கூலிங் கிளாஸ் உதவும். ஸ்கூட்டியில் போகும் பெண்பிள்ளைகள் துப்பட்டாவால் முகத்தை முழுக்கச் சுற்றி, கண் மட்டும் தெரியப் போவதைப் பார்த்துக் கொள்ளைக்காரி மாதிரி என்று கிண்டல் செய்கிற ஊர் இது. அந்தக் காட்டன் துப்பட்டாவுக்கு நிகரான கிரீம் என் அலமாரியில் இல்லை.

இனி விழுவதைத் தடுக்க இவை. விழுந்ததைக் குறைக்க, மிக அதிக ஆதாரம் உள்ள பூச்சு டிரெட்டினாயின். அது பருவுக்கு வந்த மருந்து. பூசிய வயதான பெண்கள் சுருக்கம் குறைவதாகச் சொன்னதை அமெரிக்காவில் பிலடெல்பியாவின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் கவனித்தார். 1986-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் அது சுருக்க மருந்தாகப் பேர் எடுத்தது. புதுக் கயிறு கொஞ்சம் திரிக்க வைக்கும். 0.025 சதவீதத்தில் தொடங்கி, ராத்திரியில், ஒரு பட்டாணி அளவு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்று மெதுவாக ஏற்ற வேண்டும். ஆர்வக்கோளாறில் அள்ளிப் பூசினால் தோல் உரிந்து எரியும், நம் நிறத்துக்கு எரிந்த இடமெல்லாம் கருத்துவிடும். மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மனைவியின் தோல் தேறும் வரை அவர் இதை உபயோகிக்க வேண்டாம். பலன் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும். இன்றைக்குத் தொடங்கினால் தையில் கோடுகள் கொஞ்சம் மென்மையாகியிருக்கும். ஆழமான மடிப்பு மறையாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போடாக்ஸ் ஊசி பற்றி யாராவது சொல்வார்கள். அது நெற்றி, புருவ நடு, கண்ணோரம் மாதிரி தசை இழுத்து விழும் கோடுகளுக்கு. மூன்று நான்கு மாதம் தாங்கும். உங்கள் கன்னத்தில் இருப்பது வெயில் தின்ற சுருக்கம், அதற்கு அது பெரிதாகக் கேட்காது. கல்யாணத்துக்கு இரண்டு வாரத்துக்குள் பார்லரில் புதிதாக எந்த பிளீச்சும் பீலிங்கும் செய்துகொள்ளாதீர்கள், இரண்டு பேருமே. முகூர்த்தத்தன்று முகம் வெந்துபோய் உட்கார்ந்த பெண் வீட்டாரை நான் பார்த்திருக்கிறேன்.

கொலாஜன் பவுடரா? வயிற்றுக்குப் போனதும் அதுவும் மற்றப் புரதம் மாதிரி உடைந்து துண்டு துண்டாகித்தான் ரத்தத்தில் சேரும். நேராகப் போய் உங்கள் வலது கன்னத்தில் ஒட்டிக்கொள்ள அதற்கு விலாசம் தெரியாது. தோலின் ஈரப்பதம் சற்றுக் கூடுகிறது என்று சில சின்ன ஆய்வுகள் இருக்கின்றன, அவற்றில் பலவும் விற்கிறவர்கள் பணத்தில் நடந்தவை. உடன் வேலை செய்கிறவர் மனம் கோணக் கூடாது என்றால் ஆட்டுக்கால் சூப்பு ஒரு தடவை வாங்கிக் கொடுங்கள், அதிலும் கொலாஜன்தான் கொதிக்கிறது.

வலது கன்னத்திலோ காது மடலிலோ ஆறாத புண், ரத்தம் கசியும் கட்டி, நாளுக்கு நாள் பெரிதாகும் மரு ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். நம் தோலுக்கு அபூர்வம்தான், ஆனாலும் 20,000 மணி நேர வெயில். மற்றபடி உங்கள் கன்னம் தை வரைக்கும் காத்திருக்கும். வீட்டம்மாவை இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அந்த கிரீமை அட்டைப் பெட்டியோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். பெட்டி இல்லை என்றால் ட்யூபை, அதுவும் தீர்ந்து மடித்துக் கசக்கிப் போட்டிருந்தால் அந்தக் கசங்கிய ட்யூபையாவது.